பட்டாளத்துத் தாத்தாவைத் தேடுவது எப்படி: சிங்கப்பூரிலிருந்து தொடங்குவோருக்கு

“தாத்தா பட்டாளத்துல இருந்தாராம்.” தேட வருகிறவர்களில் பெரும்பாலானோர் கையில் இருப்பது இந்த ஒரு வரிதான். அதை வைத்துக்கொண்டு கணினியில் பெயரைத் தட்டுகிறார்கள். முத்துசாமிகளும் ராமசாமிகளும் வரிசைகட்டி வந்து நிற்கிறார்கள். இரண்டு வாரத்தில் ஆர்வம் வற்றிவிடுகிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். அம்மாவின் தாத்தாவைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு, அதே பெயருள்ள வேறொருவரின் பின்னால் நான்கு மாதம் அலைந்தேன். அந்த மனிதரின் ஊரும் தகப்பன் பெயரும் எனக்கு இன்றும் மனப்பாடம். அவருக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கீழே உள்ள வரிசை அந்த அலைச்சலுக்குப் பிறகு அமைந்தது. வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியில் கிடைக்கும் துண்டு இல்லாமல் அடுத்த படியில் கதவு திறக்காது.

1. எந்தப் பட்டாளம் என்று முதலில் பிரியுங்கள்

நம் வீடுகளில் ‘பட்டாளம்’ என்ற ஒரே சொல் ஐந்து இடங்களைக் குறிக்கும். பிரிட்டிஷ் இந்திய ராணுவம் ஒன்று. ஐஎன்ஏ என்கிற இந்திய தேசிய ராணுவம் இன்னொன்று. போருக்கு முன் இங்கிருந்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் தொண்டூழியப் படை மூன்றாவது. போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவம் உள்ளூரிலேயே எடுத்த ஆட்கள் நான்காவது. ஐந்தாவது வகையினர் படைவீரர்களே இல்லை. செம்பவாங் நேவல் பேசிலும் சிலேத்தார், தெங்கா விமானத் தளங்களிலும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் அவர்களும் ‘பட்டாளத்துத் தாத்தா’ ஆகிவிடுவார்கள்.

இதைப் பிரிக்காமல் தேடினால் பயனில்லை. ஒவ்வொரு வகையின் தாள்களும் வெவ்வேறு இடத்தில், பல சமயம் வெவ்வேறு நாட்டில், இருக்கின்றன.

பெரியவர்களிடம் “எந்த ரெஜிமென்ட்?” என்று கேட்காதீர்கள். யாருக்கும் தெரியாது, சங்கடப்படுவார்கள். பணத்தைப் பற்றிக் கேளுங்கள். பென்ஷன் வந்ததா? ரூபாயில் வந்ததா, சிங்கப்பூர் வெள்ளியில் வந்ததா? மணியார்டரா? யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள்? ரூபாய் என்றால் இந்திய ராணுவம் பக்கம் போகலாம். பென்ஷனே இல்லை, ஆனால் “நேதாஜியைப் பார்த்திருக்கேன்” என்று சொல்வார் என்றால் ஐஎன்ஏ. “சயாமுக்கு ரயில் போட இழுத்துட்டுப் போனாங்க” என்றால் அது படைச் சேவையே இல்லை. மரண ரயில் பாதைக்குப் போன தோட்டத் தொழிலாளர்களுக்குப் படை எண்ணும் கிடையாது, சேவைத் தாளும் கிடையாது. ராணுவப் பட்டியல்களில் அவர்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2. வீட்டைத் துழாவுங்கள், எதையும் துடைக்காதீர்கள்

தேடவேண்டியது நான்கு: படை எண், படைப்பிரிவு, தகப்பன் பெயர், ஊர். இந்த நான்கில் எண்தான் அவருடைய உண்மையான பெயர். முத்துசாமிகள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு படைப்பிரிவுக்குள் ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்.

பதக்கம் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்கள் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் தரப்பட்டன. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் எண்ணும் பெயரும் பிரிவும் இருக்கும். வட்டப் பதக்கம் என்றால் விளிம்பில், நட்சத்திரம் என்றால் பின்பக்கத்தில் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் எடுக்கலாம்.

படம் எடுக்கும்முன் பதக்கத்தைத் துலக்குவதுதான் இங்கே நான் அதிகம் பார்த்த தவறு. ஒரு வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் குத்துவிளக்கோடு சேர்த்து பதக்கத்தையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பளபளவென்று இருந்தது. விளிம்பில் மிஞ்சியது இரண்டு எண்கள் மட்டும்.

பதக்கத்தின் வகையும் பேசும். ‘பசிபிக் ஸ்டார்’ என்றால் 1941 டிசம்பர் 8க்கும் 1942 பிப்ரவரி 15க்கும் இடையே அவர் மலாயாவிலோ சிங்கப்பூரிலோ இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதல் உலகப்போரின் ‘பிரிட்டிஷ் வார் மெடல்’ வெள்ளியில் இல்லாமல் வெண்கலத்தில் இருந்தால், அவர் தொழிலாளர் படையிலோ, சமையல், தண்ணீர், சலவை போன்ற வேலைகளுக்கு எடுத்த ‘பாலோயர்’ பிரிவிலோ இருந்தவர். ‘பஸ்ராவுக்குப் போனவர்’ என்று கதை உள்ள குடும்பங்கள் இந்த வெண்கலத்தைப் பார்த்து முகம் சுளிக்கவேண்டியதில்லை. தேடும் திசையை அதுதான் சொல்கிறது.

பதக்கம் இல்லையா? டிஸ்சார்ஜ் சான்றிதழ் (படையிலிருந்து விடுவித்த தாள்), பே புக் (சம்பளப் புத்தகம்), பழைய இந்தியக் கடப்பிதழ், 1957க்குப் பிறகு வாங்கிய சிங்கப்பூர்க் குடியுரிமைச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேடுங்கள். பிஸ்கட் டின், பீரோவின் அடித்தட்டு, சாமிப் படத்தின் பின்பக்கம் மூன்றையும் பார்க்காமல் “ஒன்றும் இல்லை” என்று சொல்லாதீர்கள். எங்கள் பே புக் கிடைத்தது முருகன் படத்துச் சட்டத்துக்குப் பின்னால், அட்டை நழுவாமல் இருக்க முட்டுக்கொடுத்த நிலையில்.

3. பிரிவின் எழுத்துகளை விரித்துப் பாருங்கள்

தாளில் பிரிவின் பெயர் முழுதாக இருக்காது. ‘எஸ் அண்ட் எம்’ என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது ராணுவப் பொறியாளர் பிரிவு. ‘ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.’ என்றால் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது வண்டி, அரிசி, பெட்ரோல். ‘ஐ.எச்.சி.’ என்றால் இந்தியன் ஹாஸ்பிடல் கோர். 1943 ஏப்ரலில் இது இந்திய ராணுவ மருத்துவப் படையில் கலந்துவிட்டது. ஆகவே ‘ஐ.எச்.சி.’ என்று போட்ட தாள் அதற்கு முந்தையதாக இருக்கவேண்டும்.

இங்கே ஒரு தகவல் பல வீட்டுக் கதைகளைத் திருத்தும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் காலாட்படைப் பட்டாலியன்கள் இரண்டாம் உலகப்போருக்கு முன்பே ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, போரின் நடுவில்தான் மீண்டும் எழுப்பப்பட்டன. அதனால் 1941இல் மலாயாவுக்கு வந்த தமிழர், “மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் துப்பாக்கி பிடித்தவர்” என்ற கதை இருந்தாலும், பெரும்பாலும் சாப்பர்ஸிலோ சப்ளையிலோ மருத்துவமனையிலோ இருந்திருப்பார். என் நான்கு மாதம் போனது இங்கேதான். கதையை நம்பி, ‘ஐ.எச்.சி.’ என்ற மூன்றெழுத்தைக் கவனிக்காமல், எங்கெங்கோ எழுதிக்கொண்டிருந்தேன்.

4. பெயருக்கு ஒரு எழுத்துப் பட்டியல் போடுங்கள்

நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய கிளார்க் காதில் விழுந்தபடி எழுதினார். ‘சாமி’ என்ற முடிவை மட்டும் எஸ்-ஏ-எம்-ஒய், எஸ்-ஏ-எம்-ஐ, எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஐ, எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று நான்கு விதமாகப் பார்த்திருக்கிறேன். ‘மு’வுக்கு எம்-யூவும் வரும், எம்-ஓ-ஓவும் வரும். ஆறுமுகம் சில இடங்களில் ‘ஆர்மூகம்’ ஆகிவிடுவார்.

ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதி, தேடியதற்கு நேரே ஒரு கோடு போடுங்கள். கோடு போடாவிட்டால் மூன்றாம் நாள் அதே வடிவத்தை மறுபடி தேடுவீர்கள்.

தலைப்பெழுத்து இன்னொரு வலை. நமக்கு ‘க. முத்துசாமி’யில் ‘க’ தகப்பன். கிளார்க்குக்கு அது முதற்பெயர், அல்லது தேவையில்லாத ஒட்டு. பல பட்டியல்களில் இந்திய சிப்பாய்க்கு ஒற்றைப் பெயர்தான், அதுவும் குடும்பப்பெயர்க் கட்டத்தில். எனவே முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, சொந்தப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுங்கள்.

5. இறந்தவரென்றால்: போர்க் கல்லறை ஆணையம், பிறகு கிராஞ்சி

போரில் இறந்தவர் அல்லது திரும்பாதவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்துக்குப் போங்கள். இலவசம். உயிரோடு திரும்பியவர் அதில் இருக்கமாட்டார். இதை மறந்து, 1970களில் சொந்தக் கட்டிலில் காலமான தாத்தாவை அங்கே ‘கண்டுபிடித்து’ மகிழ்ந்தவர்கள் உண்டு.

பதிவில் பெயர், எண், பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றுக்குக் கீழே ‘கூடுதல் தகவல்’ என்று ஒரு வரி இருக்கும். இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இந்த ஊர், இந்த மாவட்டம் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலானோர் மேலே நாலு வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் தேடிவந்தது அந்தக் கீழ்வரியில்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்த மூலப் படிவம் இருந்தால் அதையும் இறக்கிப் பாருங்கள். தட்டச்சில் விடுபட்டதும் பிழையானதும் அதில் தெரியும்.

மாவட்டப் பெயரை அந்தக் காலக் கணக்கில் படியுங்கள். ‘ராம்நாட்’ (ராமநாதபுரம்) என்றால் இன்றைய சிவகங்கையாகவும் இருக்கலாம். அது 1985இல்தான் பிரிந்தது. ‘சேலம்’ என்றால் நாமக்கல்லோ தர்மபுரியோ ஆகலாம். இன்றைய வரைபடத்தில் ஊரைத் தேடிவிட்டு “அப்படி ஒரு ஊரே இல்லை” என்று சொல்வது இதனால்தான்.

கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. கல்லறை இல்லாதவர்கள் இவர்கள். பெயர் அங்கே இருப்பதால் சிங்கப்பூரில் இறந்தார் என்று ஆகாது. மலாயா தீபகற்பத்தில் எங்கோ, அல்லது வேறு தீவில் கைதியாக இருந்தபோது இறந்தவரும் அதில் உண்டு. எரியூட்டப்பட்டவர்களுக்குத் தனியே தகன நினைவிடம் இருக்கிறது. ஏறக்குறைய 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர். போகும்முன் இணையத்தில் தூண் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலில் தூண் தூணாக நடப்பது பாட்டிகளுக்கு ஆகாது. காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள்.

6. நூலகமும் ஆவணக் காப்பகமும்

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட, பிரிவின் பெயரையும் இடத்தையும் போட்டுத் தேடுவது பலன் தரும். சிப்பாயின் பெயர் நாளிதழில் அபூர்வமாகத்தான் வரும். முகாம், விளையாட்டுப் போட்டி, கோயில் நன்கொடை, நினைவஞ்சலி விளம்பரம் போன்றவற்றில் அவர் ஒளிந்திருப்பார். தமிழ் நாளிதழ்ப் பக்கங்களில் தேடுபொறியை நம்பாதீர்கள். தேதி தெரிந்தால் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி.

கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் பலர் எட்டிப்பார்க்காத இடம். ஜப்பானியர் காலத்தைப் பற்றித் தமிழிலேயே பேசிய பேட்டிகள் உண்டு. உங்கள் தாத்தா அதில் இருக்கவேண்டியதில்லை, அவரோடு இருந்தவர் இருந்தால் போதும். சரணடைந்த இந்திய வீரர்களை வைத்திருந்த நீ சூன், பிடாடரி, சிலேத்தார் முகாம்களின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரு பேட்டியில் கஞ்சிக்கு வரிசை நின்ற கதையைக் கேட்ட பிறகுதான், தாத்தா கடைசிவரை ஏன் கஞ்சியைத் தொடவில்லை என்று எனக்குப் புரிந்தது.

7. இந்தியாவுக்கு எழுதுவது

எண்ணும் பிரிவும் கைக்கு வந்த பிறகுதான் இந்தப் படி. இந்திய ராணுவத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஆவண அலுவலகம் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மருத்துவப் படை என்றால் லக்னோ. தவறான ஊருக்கு எழுதினால் கடிதம் தானாகச் சரியான ஊருக்குப் போய்ச் சேராது.

கடிதத்தில் எண், பதவி, பெயர், தகப்பன் பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, உங்கள் உறவுமுறை ஆகியவை போதும். குடும்பக் கதை வேண்டாம்.

எதைக் கேட்பது என்பதில்தான் புதியவர்கள் தோற்கிறார்கள். முழுச் சேவைக் கோப்பின் பெயர் ‘ஷீட் ரோல்’. பென்ஷன் பெறாதவர்களுடையது பொதுவாக 25 ஆண்டுக்குப் பின் அழிக்கப்பட்டுவிடும். அதை மட்டும் கேட்டால் “இல்லை” என்ற ஒரு வரி வரும். ‘லாங் ரோல்’ என்ற பதிவேடு வேறு. ஆளுக்கு ஒரு வரிதான், ஆனால் அதை அழிப்பதில்லை. “ஷீட் ரோல் இல்லையென்றால் லாங் ரோல் பதிவின் நகல்” என்று சேர்த்துக் கேளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்தியக் குடிமக்கள்தான் விண்ணப்பிக்க முடியும். சிவப்புக் கடப்பிதழ்க்காரர்கள் ஊரில் உள்ள மாமன் மகனைப் பிடியுங்கள். அவரையே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வரச் சொல்லலாம். பாட்டி அங்கே உதவித்தொகை வாங்கியிருந்தால் அவர் பெயரில் ஒரு கோப்பு இருக்கும்.

8. ஐஎன்ஏ என்றால் வழி வேறு

1943இல் தோட்டங்களிலிருந்தும் சிராங்கூன் சாலைக் கடைகளிலிருந்தும் சேர்ந்தவர்கள் இந்திய ராணுவத்தில் இருந்ததே இல்லை. லக்னோவிலும் பெங்களூருவிலும் அவர்களுக்குத் தாள் இருக்காது. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பாட்டிகளுக்கும் இதுவே. இந்தியாவின் தேசிய ஆவணக் காப்பகம் புதுடில்லியில் ஐஎன்ஏ கோப்புகளை வைத்திருக்கிறது. அதன் ‘அபிலேக் படல்’ தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். போருக்குப் பின் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர் என்றால் தியாகி பென்ஷன் விண்ணப்பத்தைத் தேடுங்கள். எந்த முகாம், யார் தளபதி, எப்போது கைது என்று அவரே சொன்னது அதில் இருக்கும்.

9. லண்டன் கடைசியில்

பிரிட்டிஷ் ராணுவம் உள்ளூரில் எடுத்த ஆள் என்றால் மட்டும் லண்டன் முதலில். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சின் சேவைக் கோப்புகள் 2022 முதல் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறிவருகின்றன. பிறந்து 115 ஆண்டு ஆகாதவர் என்றால் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதை ஐசிஏவிடம் (சிங்கப்பூர்க் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம்) முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இந்திய சிப்பாய்க்கு லண்டனில் கிடைப்பது குறைவு. அவர் சுபேதாரோ ஜமேதாரோ என்றால் அச்சிட்ட இந்திய ராணுவப் பட்டியலில் பெயர் இருக்கலாம். வீரப் பதக்கம் என்றால் லண்டன் கெஜட் என்ற பிரிட்டிஷ் அரசிதழ். போர்க்கால நாட்குறிப்புகளில் சிப்பாய் பெயர் வராது, ஆனால் அணி எந்த நாளில் எந்த ஊரில் இருந்தது என்பது வரும். இவற்றை முடிக்கும்வரை கட்டணத் தேடல் தளங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

10. சலிப்பூட்டும் கட்டங்களைப் படியுங்கள்

தாள் வந்ததும் எல்லோரும் போர்முனையைத் தேடுகிறார்கள். எதிர்பாராதது அங்கே இல்லை. கிளார்க் கொட்டாவி விட்டுக்கொண்டே நிரப்பிய கட்டங்களில் இருக்கிறது.

வயதை நம்பாதீர்கள். 18 என்று சொல்லிச் சேர்ந்தவர்களில் பதினாறும் உண்டு. சேர்ந்த தேதியை நம்புங்கள். சம்பளக் கணக்கு அதிலிருந்துதான் ஓடியது.

‘குடும்பத்துக்கு அனுப்பும் பணம்’ என்ற கட்டம்தான் என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியம். சம்பளத்தில் ஒரு பங்கு மாதாமாதம் யாருக்குப் போகவேண்டும், எந்த அஞ்சலகம் என்று அதில் இருக்கும். எங்கள் பே புக்கில் அந்த இடத்தில் மனைவி பெயர் இல்லை, தாய் பெயரும் இல்லை. ஒரு அக்காவின் பெயர். அப்படி ஒரு அக்கா இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. அஞ்சலகத்தின் பெயரை வைத்து ஊரைப் பிடித்தோம். அவருடைய பேரன்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

பதவிக் கட்டத்தில் ‘வார்டு சர்வன்ட்’ என்று இருந்தது. துப்பாக்கி இல்லை, மருத்துவமனைத் தரையும் தட்டும். அம்மாவுக்கு ஒரு நாள் முழுக்க முகம் வாடியிருந்தது. மறுநாள், “அதான் யாருக்கு உடம்புக்கு முடியலைன்னாலும் தாத்தாவே கழுவிவிடுவாரு” என்றார்.

பென்ஷன்காரர்களின் ஷீட் ரோல் கிடைத்தால் சிவப்பு மையில் எழுதியதைத் தேடுங்கள். ‘ரெட் இங்க் என்ட்ரி’ என்பது தண்டனைக் குறிப்பு. நண்பர் ஒருவரின் தாத்தா விடுப்பு முடிந்தும் ஒன்பது நாள் திரும்பாததற்குத் தண்டனை பெற்றிருக்கிறார். தேதியை வீட்டுக் கணக்கோடு வைத்துப் பார்த்தார்கள். முதல் குழந்தை இறந்த வாரம்.

‘வகுப்பு’ என்ற கட்டம் சாதியையோ மதத்தையோ சொல்லும். இன்று வீட்டில் சொல்லிக்கொள்வதும் அதுவும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். இரண்டாவது மனைவியின் பெயரும் இப்படித்தான் வெளியே வரும். கோப்பைப் பிரிக்கும்முன் யாரிடம் முதலில் காட்டுவது என்று முடிவுசெய்யுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுவிட்டுப் பிறகு யோசிப்பதில் அர்த்தமில்லை.

11. அவர்தானா என்று உறுதிசெய்யுங்கள்

பெயரும் ஊரும் பொருந்தினால் போதாது. எண், தகப்பன் பெயர், உடல் அடையாளம் இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தவேண்டும். டிஸ்சார்ஜ் சான்றிதழில் உயரம், அடையாளக் குறி இரண்டும் இருக்கும். அதை வீட்டில் மூத்தவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். பதிலை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள், “தழும்பு ஏதாவது இருந்துச்சா?” என்று மட்டும் கேளுங்கள்.

லக்னோவிலிருந்து லாங் ரோல் நகல் வந்தபோது எண்ணும் தகப்பன் பெயரும் எங்கள் பே புக்கோடு பொருந்தின. டிஸ்சார்ஜ் தாளில் ‘இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு’ என்று இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டுப் பெரியம்மாவிடம் கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். “கிணத்து ராட்டினம் தெறிச்சுது. அவங்க அக்காதான் துணியைக் கட்டி விட்டுச்சாம்னு சொல்லுவாரு. யாரு அந்த அக்கான்னு நாங்க கேட்டதே இல்ல.” அதையும் எழுதி அதே கோப்பில் வைத்தேன்: சொன்னவர் பெரியம்மா, ஈசூன், ஞாயிறு மாலை.